400 லிட்டரில் லண்டன்

மெஸ்ஸர்ஷ்மிட் 109 போர் விமானத்தின் 'இ' வகையில் எரிபொருள் தொட்டி ஒன்றுதான். விமானியின் இருக்கைக்கு அடியிலும் முதுகுப்புறமுமாக வளைந்து அமர்ந்திருக்கும். கொள்ளளவு 400 லிட்டர். 1940 செப்டம்பரில் லண்டன்மீது குண்டுபோடக் கிளம்பிய விமானங்களுக்குக் காவலாக இந்த விமானத்தில் சென்ற ஜெர்மானிய விமானிகள் அந்த 400 லிட்டருக்குக் கட்டுப்பட்டவர்கள்.

கணக்கு எளியது. முழுத் தொட்டியோடு ஏறத்தாழ 80 நிமிடம் பறக்கலாம். பிரான்சின் கலே பகுதியிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். கிளம்பி, உயரமேறி, குண்டுவீச்சு விமானங்களோடு சேர்ந்துகொள்ள 15 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். சுமையோடு போகும் ஹைன்கல் 111-ன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டர். அதை விட்டு விலகாமல் போகவேண்டும் என்பதால் லண்டனை அடைய 30 நிமிடம். திரும்பும்போது 400 கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் 22 நிமிடம் கடந்துவிடும். 80-ல் இதெல்லாம் போக மிச்சம் 13 நிமிடம். சண்டையில் இன்ஜினை முழு விசையில் முடுக்கினால் எரிபொருள் இன்னும் வேகமாகத் தீரும். லண்டனுக்குமேல் அவர்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடம் என்று வரலாற்று நூல்கள் சொல்வது இப்படித்தான் வருகிறது.

இந்தப் பத்து நிமிடத்தைக் கணினிக்குள் மறுபடி கட்டியெழுப்ப நேரம் செலவழிக்கும் ரசிகர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். போர் விமான சிமுலேட்டரை விற்கும் நிறுவனம் விமானங்களையும் நிலப்பரப்பையும் வானிலையையும் கொடுக்கிறது. கூடவே ஒரு மிஷன் எடிட்டரும் இருக்கும். வரைபடத்தில் விமானங்களை வைத்து, அவை போகவேண்டிய வழிப்புள்ளிகளைக் குறித்து, எது எப்போது நடக்கவேண்டும் என்று கட்டளையிட்டால் ஒரு மிஷன் தயார். பத்துப் பதினைந்து மிஷன்களைக் கோத்து, முன்கதை எழுதி, ஒன்றை முடித்தால்தான் அடுத்தது திறக்கும்படி அமைத்தால் அது கேம்பெய்ன். 2001-ல் வந்த 'ஐஎல்-2 ஸ்டுர்மோவிக்' சிமுலேட்டரைச் சுற்றி இப்படிப்பட்ட ரசிகர் கேம்பெய்ன்கள் ஏராளமாக முளைத்தன. அதே வரிசையில் 2011-ல் வெளியான 'கிளிஃப்ஸ் ஆஃப் டோவர்' 1940-ன் ஆங்கிலக் கால்வாய் வானத்தைக் களமாகக் கொண்டது. அதன் குறைகளை 'டீம் ஃப்யூஷன்' என்ற ரசிகர் குழு பல ஆண்டுகள் சீர்செய்து, கடைசியில் மூல நிரலையே கையில் வாங்கி, 2017-ல் 'பிளிட்ஸ்' என்ற புதிய பதிப்பைக் கொண்டுவந்தது. சம்பளமில்லாமல், பொழுதுபோக்கு நேரத்தில் ஒன்றுகூடியவர்கள் அவர்கள். இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது அந்த ஈடுபாடுதான்.

கேம்பெய்னைச் சோதிப்பது என்றதும் பலர் நினைப்பது, ஒருமுறை விளையாடிப் பார்த்து, ஜெயிக்க முடிகிறதா என்று சொல்வதை. ஜெயிக்க முடிவது ஒரு தகவல், அவ்வளவுதான். சோதிப்பவர் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கட்டியவர் எதிர்பார்க்காத விதத்தில் ஒரு விமானி நடந்துகொண்டால், இந்த வானம் நம்பும்படியாக இருக்குமா? அதற்கு இரண்டு உரைகற்கள் உண்டு. ஒன்று இயற்பியல், இன்னொன்று வரலாறு. எரிபொருள் முள் முதல் உரைகல்.

செப்டம்பர் 15-ம் தேதிக்கான ஒரு மிஷனைக் கற்பனை செய்துகொள்வோம். ஆட்டக்காரர் நான்கு மெஸ்ஸர்ஷ்மிட்கள் கொண்ட அணிக்குத் தலைவர். வேலை, ஹைன்கல்களுக்குக் காவல். முதல் ஓட்டத்தில் சோதிப்பவர் சொன்னபடி கேட்கும் பிள்ளையாக இருக்கவேண்டும். குறித்த பாதையில், குறித்த உயரத்தில் பறந்து, ஒவ்வொரு வழிப்புள்ளியிலும் மீதமுள்ள எரிபொருளை எழுதிக்கொள்ளவேண்டும். லண்டனுக்குமேல் 20 நிமிடம் சண்டை போட்டும், தரையிறங்கும்போது 100 லிட்டருக்குமேல் மிச்சமிருக்கிறது என்றால் எங்கோ கோளாறு.

எங்கே? முதலில் பார்க்கவேண்டியது, மிஷன் தரையில் தொடங்குகிறதா, காற்றில் தொடங்குகிறதா என்பதை. 5,000 மீட்டர் உயரத்தில் முழுத் தொட்டியோடு ஆட்டக்காரரை நிறுத்தினால், ஏறுவதற்கான எரிபொருள் முழுக்க இலவசம். அடுத்து, ஹைன்கல்களின் வேகம். இங்கேதான் பழைய இயற்பியல் பொறி ஒன்று காத்திருக்கிறது. விமானத்தின் வேகமானி நேரடியாக வேகத்தை அளப்பதில்லை. எதிர்க்காற்று ஒரு குழாய்க்குள் ஏற்படுத்தும் அழுத்தத்தை அளக்கிறது. அந்த அழுத்தம் காற்றின் அடர்த்தியையும் வேகத்தின் இருமடியையும் பொறுத்தது. கடல்மட்டத்தில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோ. 5,000 மீட்டரில் அது 0.736 கிலோ, அதாவது 60 சதவீதம். ஆகவே அந்த உயரத்தில் வேகமானி 300 காட்டினால், விமானம் உண்மையில் 387 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துப் போய்க்கொண்டிருக்கிறது.

எடிட்டரில் வழிப்புள்ளிக்கு '300' என்று போடும்போது அது எந்த வேகம்? சில சிமுலேட்டர்கள் உண்மை வேகமாக எடுத்துக்கொள்ளும், சில வேகமானி காட்டும் வேகமாக. தெரியாமல் போட்டால் ஹைன்கல்கள் 30 நிமிடத்துக்குப் பதிலாக 23 நிமிடத்தில் லண்டனில் நிற்கும். காவல் விமானிக்கு ஏழு நிமிடம் கூடுதலாகக் கிடைத்துவிடும். மொத்தமே பத்து நிமிடமாக இருந்த இடத்தில் ஏழு நிமிடம்! போரின் குணமே மாறிவிடுகிறது. விளையாடுகிறவருக்கோ எதுவும் தப்பாகத் தெரியாது. சுகமாக இருந்தது என்றுதான் சொல்வார்.

அடுத்து ட்ரிகர்கள். 'இது நடந்தால் அதைச் செய்' என்ற வகைக் கட்டளைகள் இவை. மிஷன் என்ற உடம்பில் நரம்பாக ஓடுபவை. இரண்டாவது ஓட்டத்திலிருந்து சோதிப்பவர் சொல்பேச்சு கேட்காத விமானியாக மாறவேண்டியது இதற்காகத்தான். குறும்புக்காக அல்ல. நியாயமான ஒரு மனிதர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து பார்க்கவேண்டும்.

'மிஷன் தொடங்கிய பன்னிரண்டாவது நிமிடத்தில் பிரிட்டிஷ் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயர்கள் கிளம்பட்டும்' என்று கட்டியவர் எழுதியிருக்கிறார் என்று கொள்வோம். அவர் இதே மிஷனைப் பலமுறை ஓட்டியவர். விசைகள் விரல்நுனியில் இருக்கும். இரண்டு நிமிடத்தில் வானில் இருப்பார். புதிதாக வருகிறவர் இன்ஜினைச் சூடேற்றவே ஐந்து நிமிடம் எடுத்துக்கொள்வார். ஓடுபாதையில் தடுமாறுவார். அவர் மேலே வரும்போது ஹைன்கல்கள் கால்வாயைத் தாண்டியிருக்கும், சண்டை அவர் இல்லாமலே தொடங்கியிருக்கும். நேரத்தை வைத்து இயங்கும் ட்ரிகர் கட்டியவருக்கு மட்டும்தான் சரியாக வேலைசெய்கிறது. இடத்தை வைத்து இயங்கும் ட்ரிகர் மேலானது: ஹைன்கல்கள் இந்த வட்டத்துக்குள் வந்தால் ஸ்பிட்ஃபயர்கள் கிளம்பட்டும்.

அதிலும் ஓர் ஓட்டை உண்டு. 'முன்னணி ஹைன்கல் வட்டத்துக்குள் வந்தால்' என்று எழுதிவிட்டால், அந்த ஒரு விமானம் வழியிலேயே விமான எதிர்ப்பு பீரங்கியால் விழுந்துவிட்டால் ட்ரிகர் இயங்கவே இயங்காது. மீதி ஹைன்கல்கள் யாருடைய தொந்தரவும் இல்லாமல் லண்டனுக்குப் போய்த் திரும்பும். 'கூட்டத்தில் ஏதேனும் ஒன்று' என்று எழுதினால் தீர்ந்தது. ஒரே ஒரு சொல் மாற்றம்தான். ஆனால் முன்னணி விமானம் விழுகிற ஓட்டம் ஒன்றைச் சந்தித்திருந்தால்தான் அது தெரியவரும்.

வட்டம் எங்கே இருக்கவேண்டும் என்பதையும் கணக்குப் போடலாம். ஒரு ஸ்பிட்ஃபயர் 20,000 அடி ஏற ஏறத்தாழ எட்டு ஒன்பது நிமிடம் ஆகும். ஸ்குவாட்ரன் முழுக்க ஒன்றுசேர்ந்து, எதிரிக்குமேல் இடம்பிடிக்க இன்னும் நேரம் வேண்டும். டோவர் கரையில் வட்டம் போட்டால் லண்டனுக்கு இன்னும் 110 கிலோமீட்டர், அதாவது ஹைன்கல்களுக்கு 22 நிமிடப் பறப்பு. மெய்ட்ஸ்டோன் அருகே போட்டால் பத்து நிமிடம்தான். ஸ்பிட்ஃபயர்கள் மூச்சுவாங்க ஏறிக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து மெஸ்ஸர்ஷ்மிட்கள் பாயும். இப்படியும் அந்த ஆண்டில் நடந்ததுண்டு. கடற்கரை ரேடார் நிலையங்கள் கொடுத்த முன்னெச்சரிக்கை எவ்வளவு என்பதுதான் எது நடந்தது என்பதைத் தீர்மானித்தது. கேம்பெய்னைக் கட்டுகிறவர் இரண்டில் ஒன்றை அறிந்து தேர்ந்தெடுக்கலாம். தற்செயலாக அமைந்துவிடக்கூடாது.

மிஷன் முடியும் விதத்தையும் கிளறிப் பார்க்கவேண்டும். 'சொந்தத் தளத்தில் தரையிறங்கினால் வெற்றி' என்று மட்டும் எழுதியிருந்தால், எரிபொருள் தீர்ந்து பிரெஞ்சுக் கடற்கரை மணலில் வயிற்றை வைத்து இறக்கியவர் தோற்றவராகிறார். 1940-ல் நிஜ விமானிகள் பலர் அப்படித்தான் உயிரோடு வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்கு மறுநாளும் போர் இருந்தது. கேம்பெய்னிலும் அடுத்த மிஷன் திறக்கவேண்டும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு மிஷனை எத்தனை முறை ஓட்டினால் போதும்? ஒரே மிஷன் ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகத்தான் நடக்கும். கணினி ஓட்டும் விமானிகளின் முடிவுகளில் சிறிது தற்செயல் கலந்திருக்கும். ஆட்டக்காரரின் கை அரை நொடி முன்பின் போனாலும் யார் யாரைப் பார்க்கிறார் என்பது மாறி, அடுத்த பத்து நிமிடமும் மாறிவிடும். பத்தில் ஒருமுறை மட்டும் தலைகாட்டும் வழு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை ஓட்டியும் அது கண்ணில் படாமல் போவதற்கான வாய்ப்பு 0.9-ன் ஐந்தாம் அடுக்கு, அதாவது 59 சதவீதம். 'ஐந்து முறை ஓட்டினேன், ஒரு பிரச்சினையும் இல்லை' என்பது ஏறக்குறைய எதையும் சொல்லாத வாக்கியம். புள்ளியியலில் மூன்றின் விதி என்று ஒன்று உண்டு. பிழையே இல்லாமல் 30 ஓட்டங்கள் முடிந்தால், பிழை வரும் வாய்ப்பு 3-ஐ 30-ஆல் வகுத்த அளவுக்குள், அதாவது 10 சதவீதத்துக்குள் இருக்கிறது என்று 95 சதவீத உறுதியோடு சொல்லலாம். 30 ஓட்டங்களின் உழைப்புக்கு அவ்வளவுதான் கூலி.

மிஷன்கள் ஒன்றோடொன்று சங்கிலியாகக் கட்டப்பட்டிருப்பது நிலைமையை மோசமாக்குகிறது. ஒவ்வொரு மிஷனும் 90 சதவீதம் நம்பகமானது என்றால், 15 மிஷன்களும் இடையில் சிக்காமல் முடிவதற்கான வாய்ப்பு 21 சதவீதம். ஒவ்வொன்றையும் 99 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் மொத்தம் 86 சதவீதமாக உயர்கிறது. சாதாரண ரசிகர் ஒருவர் வாரக்கடைசியில் ஓய்ந்து உட்கார்ந்து எட்டாவது மிஷன்வரை வந்து, அதற்குமேல் போக முடியாமல் மாட்டிக்கொள்வதற்கும் சுகமாக முடிப்பதற்கும் இடையிலுள்ள தூரம் அந்த ஒன்பது சதவீதம்தான்.

அத்தனை ஓட்டத்தையும் மனிதர்கள் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆட்டக்காரரின் விமானத்தையும் தன்னியக்கத்தில் விட்டு, இரவெல்லாம் கணினியை ஓடவிட்டு, காலையில் பதிவுக் கோப்பைப் படிப்பது பொதுவான வழி. ட்ரிகர்களின் கோளாறு இதில் நன்றாகச் சிக்கும். ஆனால் நேரத்தை எட்டு மடங்கு வேகப்படுத்தி ஓட்டினால் முடிவுகளை அப்படியே நம்பக்கூடாது. சிமுலேட்டர் உலகத்தைத் துளித்துளியான நேர அடிகளில் நகர்த்துகிறது. நொடிக்கு 60 அடி என்றால், நொடிக்கு 740 மீட்டர் வேகத்தில் போகும் பிரவுனிங் துப்பாக்கியின் குண்டு ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 12 மீட்டர் தாவிவிடும். மெஸ்ஸர்ஷ்மிட்டின் மொத்த நீளமே 9 மீட்டருக்குள். குண்டு இருக்கும் புள்ளியை மட்டும் பார்த்தால், அது விமானத்துக்கு இந்தப் பக்கம் ஒருமுறையும் அந்தப் பக்கம் ஒருமுறையும் தென்பட்டு, நடுவில் படாமலே போய்விடும். அதனால்தான் சிமுலேட்டர்கள் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோடு விமானத்தை வெட்டுகிறதா என்று பார்க்கின்றன. நேர அடியின் அளவு மாறினால், அணிவகுப்பைப் பிடித்துக்கொண்டு பறக்கும் கணினி விமானிகளின் கைநயமும் மாறும். வேகப்படுத்திய ஓட்டத்தில் இரண்டு விமானங்கள் மோதிக்கொண்டால், அதை வழு என்று எழுதுவதற்கு முன் இயல்பான வேகத்தில் ஒருமுறை பார்த்துவிடவேண்டும்.

சேர்க்கைகளின் பெருக்கமும் உண்டு. மழை உண்டா இல்லையா, தரையில் தொடக்கமா காற்றிலா, முந்தைய மிஷனில் துணைவிமானி பிழைத்தாரா இல்லையா என்று பத்துக் கேள்விகள் இருந்தால் 1,024 சேர்க்கைகள். எல்லாவற்றையும் ஓட்ட முடியாது. ஓட்டவும் தேவையில்லை. அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் பல்வகை மென்பொருள்களின் தோல்விகளை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவை ஒரே ஒரு காரணியாலோ இரண்டு காரணிகள் கூடியதாலோ வந்தவை என்று கண்டது. எந்த இரண்டு கேள்விகளை எடுத்தாலும் அவற்றின் நான்கு விதமான விடைகளும் ஒருமுறையாவது வந்துவிடும்படி ஓட்டங்களைத் திட்டமிட்டால், பத்துக் கேள்விகளுக்கும் ஆறே ஓட்டங்கள் போதும். 1,024 எங்கே, ஆறு எங்கே! கணிதம் இவ்வளவு தாராளமாகக் கைகொடுக்கும் இடங்கள் குறைவு.

இனி இரண்டாவது உரைகல். வரலாற்றில் ஆழ்ந்த ரசிகர்கள் சோதனைக் குழுவில் இருக்கவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வேன். ஒரு சிறிய எடுத்துக்காட்டு. 1940 கோடையில் பிரிட்டன் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் கடிகாரம் வைத்திருந்தது. ஜெர்மனி இரண்டு மணி முன்னால். ஜெர்மானிய விமானியின் குறிப்பேட்டில் 12 மணி என்று இருப்பது பிரிட்டிஷ் பதிவேட்டில் 11. இரண்டு தரப்பு நூல்களையும் வைத்துக்கொண்டு மிஷன் நேரத்தைக் குறிப்பவர் இதைக் கவனிக்காவிட்டால், ஒரே சண்டைக்கு இரண்டு தரப்பும் ஒரு மணி நேர இடைவெளியில் வந்து சேரும். சூரியனும் இடம் தவறி நிற்கும். சூரியனை முதுகில் வைத்துப் பாய்வதே வாழ்வும் சாவுமாக இருந்த போரில் அது சில்லறைப் பிழை அல்ல.

ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜின் இன்னொன்று. அதன் கார்புரேட்டர் மிதவை வகை. விமானி மூக்கைச் சட்டென்று கீழே அமுக்கினால் எரிபொருள் மேலே எழும்பி, இன்ஜின் திணறும். மெஸ்ஸர்ஷ்மிட்டின் டைம்லர்-பென்ஸ் இன்ஜினில் எரிபொருள் நேரடியாகப் பீய்ச்சப்படுவதால் அந்தத் தொல்லை இல்லை. துரத்தும் ஸ்பிட்ஃபயரை உதறிவிட ஜெர்மானியர்கள் இதையே பயன்படுத்தினார்கள். ஃபார்ன்பரோ ஆய்வகத்தின் பொறியாளர் பியட்ரிஸ் ஷில்லிங், துளையிட்ட சிறிய உலோகத் தகடு ஒன்றால் இந்தத் திணறலைப் பெரிதும் அடக்கினார். அது 1941-ல். செப்டம்பர் 1940 மிஷனில், பிந்தைய ஸ்பிட்ஃபயர் வகையை வைத்துவிட்டால் ஆட்டக்காரரின் தப்பிக்கும் வழி அடைபட்டுவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய சோதனை இழப்புக் கணக்கு. செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக பிரிட்டன் அறிவித்தது. போருக்குப் பின் இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிட்டபோது கிடைத்த எண்ணிக்கை 60-ஐ ஒட்டியது. அன்று வானில் இருந்த நூற்றுக்கணக்கான ஜெர்மானிய விமானங்களில் பெரும்பாலானவை வீடு திரும்பின. ரசிகர் மிஷன்களில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கும். 20 ஹைன்கல்கள் போனால் நான்கு திரும்பும். காரணம் தேடினால் கணினி விமானிகளின் திறமை அளவில் வந்து நிற்கும். ஸ்பிட்ஃபயரின் எட்டுத் துப்பாக்கிகளுக்கும் தலா 300 குண்டுகள். தொடர்ந்து சுட்டால் 15 நொடியில் காலி. சாதாரணத் திறமையுள்ள நிஜ விமானி, பயத்தோடும் அவசரத்தோடும், தூரத்திலிருந்தே அதில் பெரும்பகுதியை வீணாக்கினார். எடிட்டரில் எல்லோருக்கும் 'தேர்ந்தவர்' என்று போட்டால், ஒவ்வொருவரும் பதற்றமில்லாமல் நெருங்கி, 15 நொடியையும் பொன்னாகச் செலவழிப்பார்கள். சோதிப்பவர் அறிக்கையில் 'ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது' என்று எழுதினால் கட்டியவருக்கு அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. சிமுலேட்டரின் பதிப்பு எண், மிஷனின் பெயர், எத்தனை ஓட்டம், ஒவ்வொன்றிலும் விழுந்தவை எத்தனை, எந்த நிமிடத்தில், எந்த இடத்தில், பதிவுக் கோப்பு இணைப்பு. இவை இருந்தால் கட்டியவர் அன்றிரவே எடிட்டரைத் திறந்து வேலையைத் தொடங்கிவிடுவார்.

தானே தன்னை எழுதிக்கொள்ளும் கேம்பெய்ன்களுக்கு இந்த முறை போதாது. 1998-ல் வந்த 'ஃபால்கன் 4.0' கொரியப் போர்முனை முழுவதையும் தொடர்ந்து நடத்தியது. ஆட்டக்காரரைச் சுற்றி ஒரு குமிழி. அதற்குள் ஒவ்வொரு டாங்கியும் தனித்தனியாக இயங்கும். வெளியே, படைப்பிரிவுகள் வெறும் எண்களாக மோதி, தேய்ந்துபோகும். குமிழியின் விளிம்பைக் கடக்கும் படைப்பிரிவு எண்ணிலிருந்து உருவமாக மாறும்போது கணக்கு பிசகாமல் இருக்கிறதா என்பதே அங்கே தனிச் சோதனை. அதன் மூல நிரல் 2000-ல் கசிந்தபின், ரசிகர்கள் அதைத் தொடர்ந்து செம்மைப்படுத்திவருகிறார்கள். 'பிஎம்எஸ்' என்ற பெயரில் இன்றும் ஓடுகிறது.

கையால் கட்டிய கேம்பெய்னுக்கு இன்னொரு ஆபத்து வெளியிலிருந்து வரும். சிமுலேட்டரை நடத்தும் நிறுவனம் புதிய பதிப்பு வெளியிடும். மேகத்துக்குள் இருக்கும் விமானத்தைக் கணினி விமானிகள் இனிப் பார்க்க முடியாது என்று அறிவிப்பில் ஒரு வரி இருக்கும். வரவேற்கவேண்டிய மாற்றம்தான். ஆனால் நான்காவது மிஷனில் ஹைன்கல்களை மேகத்துக்கு நடுவே பறக்கவிட்டிருந்தால், ஸ்பிட்ஃபயர்கள் அவற்றைக் கண்டுபிடிக்காமலே சுற்றிவிட்டுத் தரையிறங்கும். ஒரு விமானமும் விழாது. 'ஐந்து ஹைன்கல்களாவது தப்பினால் வெற்றி' என்ற ட்ரிகர் தானாகவே நிறைவேறி, அடுத்த மிஷன் திறக்கும். பதிவுக் கோப்பில் பிழை என்று எதுவும் இருக்காது. பழைய இழப்பு அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புதிதாக ஓட்டிப் பார்ப்பவருக்கு மட்டும் அந்தப் பூஜ்யம் தெரியும். அவர் அறிக்கை எழுதுவார். கட்டியவர் மேகத்தின் அடிமட்டத்தை 1,000 மீட்டர் உயர்த்துவார். குழு முதல் மிஷனிலிருந்து மறுபடி ஓட்டத் தொடங்கும்.